ஆவணமும் அங்காடியும்: புத்தொழில் முனைவோர்க்கு வேண்டிய சட்டத்தமிழ்



இலக்கியமும் இலக்கணமும் பேசப்பெறும் மேடையில் இணைய வணிகத்தின் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். அதற்கு ஒரு பழஞ்சொல்லே விடை கூறும். 'ஆவணம்' என்னும் சொல்லுக்கு நம் அகராதிகள் இரு பொருள் தருகின்றன. ஒன்று கடைத்தெரு, மற்றொன்று உரிமையை நிறுவும் எழுத்து. பொருள் கைமாறும் இடத்தையும் அம்மாற்றத்திற்குச் சான்றாகும் ஏட்டையும் ஒரே சொல்லால் குறித்த மொழிக்கு வணிகச் சட்டம் புறம்பான துறை அன்று.

நாம் வாழும் இவ்வட்டாரத்திலேயே அதற்குச் சான்று உண்டு. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே உள்ள லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டினது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த அது, அங்கு வந்து சேரும் மரக்கலத்தார் செலுத்த வேண்டியதைப் பற்றிப் பேசுகிறது. தாயகத்திலிருந்து கடல் கடந்து வந்த வணிகர், தம் கட்டுப்பாட்டைத் தம் மொழியிலேயே கல்லில் எழுதி வைத்தனர். இன்று நம் பிள்ளைகள் திறன்பேசியில் கடை திறக்கின்றனர். அவர்கள் கையொப்பமிடும் ஏடுகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல நமக்குச் சொற்கள் உள்ளனவா? இருக்கும் சொற்களை நாம் பிழையறக் கையாளுகின்றோமா? இவ்வினாக்களே இவ்வுரையின் பொருள்.

தொடங்குமுன் ஒன்று கூற வேண்டும். ஈண்டுக் கூறப்படுவன பொது அறிவுக்கு உரியன. தனிப்பட்ட ஒருவரின் சிக்கலுக்கு அவரவர் வழக்கறிஞரே விடை கூறத் தக்கவர்.

ஓலையும் படியும்

தமிழில் ஓர் ஆவண வழக்கைக் காண விரும்புவோர் சேக்கிழாரின் பெரியபுராணத்தை நாடலாம். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர் ஓர் ஓலையைக் காட்டி, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என வழக்காடுகிறார். சினங்கொண்ட சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்து எறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அங்கே முதியவர், கிழிக்கப்பட்டது படி ஓலையே, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்கிறார். அவையோர் அதனை வாங்கிப் படிக்கச் செய்கின்றனர். சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அதன் பின்னரே தீர்ப்பு அளிக்கின்றனர்.

பக்தியின் சுவை ஒருபுறம் இருக்க, அக்காட்சியில் அமைந்துள்ள சட்ட நுட்பங்களை எண்ணிப் பாருங்கள். மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது. கையெழுத்தை வேறு எழுத்தோடு ஒப்பிட்டு மெய்ப்பிக்கும் முறை இருக்கிறது. வழக்கை எந்த ஊர் அவை கேட்பது என்னும் வினாவும் இருக்கிறது. இன்றைய இணைய ஒப்பந்தத்தின் இறுதிப் பகுதியில் எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்று எழுதப்படுவது இந்த இறுதி வினாவுக்கான விடையே. ஏட்டைக் கிழித்தால் கடப்பாடு ஒழிந்துவிடாது என்பதும் அக்கதை தரும் பாடம். மின்னஞ்சலை அழித்துவிட்டால் உடன்பாடு அழிந்துவிடும் என எண்ணும் இளைஞர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சிங்கப்பூரில் 1998 முதலே மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் உண்டு. 2010இல் அது புதிதாக இயற்றப்பட்டது. மின்வடிவில் உள்ளது என்னும் ஒரே காரணத்தால் ஓர் ஆவணம் செல்லாததாகிவிடாது என்பது அதன் அடிப்படை.

பங்கு என்னும் சொல்

இனி நம் காலத்துக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் நண்பர் மூவர், வீட்டுச் சமையலை விற்போரையும் வாங்குவோரையும் இணைக்கும் செயலி ஒன்றை உருவாக்குகின்றனர். ஒருவர் நிரல் எழுதுகிறார். ஒருவர் விற்பனையாளர்களைத் தேடிப் பிடிக்கிறார். மற்றொருவர் தம் சேமிப்பிலிருந்து பணம் இடுகிறார். 'நாம் மூவரும் பங்குதாரர்கள்' என்று மகிழ்ச்சியோடு கூறிக்கொள்கின்றனர்.

அச்சொல்லில்தான் இடர் தொடங்குகிறது. பேச்சுத் தமிழில் 'பங்குதாரர்' என்பது இரு வேறு நிலைகளைக் குறிக்கிறது. நிறுவனம் ஒன்றில் பங்கு வைத்திருப்பவரும் பங்குதாரர்; கூட்டாகத் தொழில் நடத்துபவரும் பங்குதாரர். சட்டத்தின் கண்ணில் இவ்விருவரும் வேறு வேறானவர். தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவரின் பொறுப்பு, பொதுவாக அவர் பங்குக்கெனச் செலுத்த ஒப்புக்கொண்ட தொகையோடு முடிந்துவிடும். கூட்டாகத் தொழில் நடத்துபவரோ கூட்டுத்தொழிலின் கடனுக்குத் தம் சொந்த உடைமையைக்கொண்டும் பதில் கூறக் கடமைப்பட்டவர். மேலும், இலாப நோக்கோடு சிலர் சேர்ந்து தொழில் நடத்தினாலே கூட்டாண்மை உருவாகிவிடக்கூடும். அதற்கு எழுத்து வேண்டும் என்பதில்லை. நம் நண்பர் மூவரும் எதையும் பதியாமல், எதையும் எழுதாமல் தொழில் நடத்தினால், தாம் அறியாமலேயே இரண்டாம் நிலையில் நின்றுவிடலாம்.

ஆகவே சொல்லைப் பிரித்தாளுவோம். நிறுவனத்தில் பங்கு உடையவர் 'பங்குதாரர்'. கூட்டாண்மையில் சேர்ந்தவர் 'கூட்டாளி'. இவ்வொரு வேறுபாட்டை மாணவர் மனத்தில் பதியவைத்தாலே நிறுவனச் சட்டத்தின் பாதியை விளக்கியவர் ஆவோம். நிறுவனம் என்பது அதனை நிறுவியவரினும் வேறான ஆள் என்னும் கொள்கை 1897இல் இலண்டனில் உறுதிபெற்றது. தோல் காலணி செய்துவந்த ஆரன் சாலமன் என்பவர் தம் தொழிலை ஒரு நிறுவனமாக மாற்றினார். அது நொடித்தபோது அதன் கடன்களுக்கு அவரே பொறுப்பு என்று வாதிடப்பட்டது. பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை அதனை ஏற்கவில்லை. சிங்கப்பூர், மலேசியா இரண்டின் நிறுவனச் சட்டமும் அக்கொள்கையின் மேல் நிற்கிறது.

சிங்கப்பூரில் நிறுவனம் பதிவது கடினமன்று. பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. செலுத்திய முதல் ஒரு வெள்ளியாக இருந்தாலும் போதும். இங்கு வசிக்கும் இயக்குநர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை அமர்த்த வேண்டும். 18 வயது நிரம்பியவர் இயக்குநர் ஆகலாம். 2009ஆம் ஆண்டு முதல் 18 வயதினர் பெரும்பாலான ஒப்பந்தங்களைத் தாமே செய்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. நம் முன் அமர்ந்திருக்கும் மாணவர் பலர் அவ்வயதை எட்டியவர்கள் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்க.

பதிவு எளிது, பங்கீடே கடினம். மேற்சொன்ன மூவரும் சமபங்கு எடுத்துக்கொண்டனர் எனக் கொள்வோம். ஐந்தாம் திங்களில் அவருள் ஒருவர் தேசிய சேவைக்குச் செல்கிறார். ஈராண்டுக்கு அவரால் தொழிலில் ஈடுபட இயலாது. திரும்பியதும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறார். நிறுவனமோ வளர்கிறது. அவர் கையில் மூன்றில் ஒரு பங்கு இருந்துகொண்டே இருக்கிறது. யார் மீதும் குற்றமில்லை. ஆயினும் நட்பு முறிகிறது. முதலீடு செய்ய வருபவர், உழைக்காத ஒருவரிடம் இத்துணைப் பங்கு இருப்பதைக் கண்டு பின்வாங்குகிறார்.

இதற்குச் சட்டத்துறையினர் கண்ட வழி எளியது. பங்கினை ஒரே நாளில் முழுமையாக உரிமையாக்காமல், உழைக்கும் காலத்துக்கு ஏற்பப் படிப்படியாக உரிமையாக்குவர். நான்காண்டு என்பது பரவலான வழக்கம். முதலாண்டு முடியுமுன் விலகுபவர்க்கு ஒன்றுமில்லை என்பதும் அதனோடு சேர்ந்த வழக்கம். இதனைப் 'படிமுறை உரிமையாக்கம்' என்று நாம் வழங்கலாம். தேசிய சேவைக் காலத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதையும் நம் நாட்டு இளைஞர்கள் முதல் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அயல்நாட்டு மாதிரி ஒப்பந்தத்தைப் படியெடுப்பவர்க்கு அவ்வரி கிடைக்காது.

உரிமை, உடைமை, உரிமம்

அடுத்த சொல் 'உரிமை'. தமிழில் இதுவும் பெருஞ்சுமை சுமக்கும் சொல். செயலியின் நிரல் யாருக்கு உரிமை என்று கேட்டால், எழுதியவர்க்கா, பணம் கொடுத்தவர்க்கா, நிறுவனத்துக்கா என்னும் மூன்று விடையும் நாவில் வரும். சட்டத்தின் விடை வேறுபாடுகளைக் காண்கிறது. ஊழியர் ஒருவர் தம் பணியின்போது எழுதியது, மாறாக உடன்பாடு இல்லையேல், முதலாளியைச் சேரும். வெளியாள் ஒருவரை அமர்த்தி நிரல் எழுதச் செய்தாலோ, கூலியை முழுதும் கொடுத்துவிட்டாலும், காப்புரிமை எழுதியவரிடமே நிற்கும். அதனை மாற்றித்தர அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும்.

இதனினும் நுண்ணிய இடம் ஒன்று உண்டு. நிறுவனம் பதியப்படுமுன்னரே நண்பர் நிரலை எழுதி முடித்துவிட்டார் எனில், அப்போது நிறுவனமே இல்லை. ஆகவே அந்நிரல் நண்பருடைய உடைமை. நிறுவனம் பிறந்தபின் அவர் அதனை எழுத்து மூலம் மாற்றித்தராவிடில், நிறுவனம் தனக்குச் சொந்தமில்லாத பொருளை விற்றுக்கொண்டிருக்கிறது என்றே பொருள். முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் வினாக்களுள் இது ஒன்று.

இங்கும் சொற்களைப் பிரித்தால் கருத்துத் தெளியும். முழுவதும் தனக்கே சொந்தமாதல் 'உடைமை'. பிறர் உடைமையைக் குறிப்பிட்ட வரம்புக்குள் பயன்படுத்தப் பெறும் இசைவு 'உரிமம்'. சமூக ஊடகத்தில் நாம் ஏற்றும் படத்தின் உடைமை பெரும்பாலும் நம்மிடமே இருக்கும். ஆனால் அதனைப் பயன்படுத்தும் உரிமத்தை நிறுவனத்துக்கு நாமே கொடுத்துவிடுகிறோம். 'என் உரிமை போய்விட்டது' என்று அலறுவதும், 'ஒன்றும் போகவில்லை' என்று வாளாவிருப்பதும் இரண்டும் பிழை. மாணவர் இவ்விரு சொல்லையும் வேறுபடுத்தி அறிந்தால் இரு பிழையும் நேரா.

நாமும் நாங்களும்

இணைய நிறுவனங்களின் பயன்பாட்டு விதிகளை ஆங்கிலத்தில் படிப்போர் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றை அடிக்கடி காண்பர். அம்மொழியில் அது ஒரே சொல். தமிழில் இரண்டு உள்ளன. கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'; கேட்பவரை விலக்குவது 'நாங்கள்'. தமிழ் மொழிபெயர்ப்பில் 'உங்கள் தகவலை நாம் பாதுகாப்போம்' என்று எழுதினால், பயனரும் பாதுகாக்கும் பொறுப்பில் சேர்ந்தவர் போன்ற தோற்றம் எழும். 'நாங்கள் பாதுகாப்போம்' என்றால் பொறுப்பு நிறுவனத்தின் மேல் நேராக நிற்கும். ஒரு சொல் வேறுபாட்டில் கடமை இடம் மாறுகிறது. இவ்வவையில் நாம் 'நாம்' என்று பேசுவது உங்களையும் உட்படுத்தியே. நிறுவனம் தன் விதிகளில் அவ்வாறு பேசலாகாது.

அதுபோன்றே 'செய்யலாம்' என்னும் வினை. அது இசைவையும் குறிக்கும், நிகழக்கூடுமென்பதையும் குறிக்கும். 'நிறுவனம் கட்டணத்தை மாற்றலாம்' என்பது அதிகாரம் அளிக்கும் விதியா, எச்சரிக்கையா? 'மாற்றும் அதிகாரம் நிறுவனத்துக்கு உண்டு' என்று எழுதினால் ஐயம் நீங்கும். 'இயக்குநரும் செயலாளரும் கையொப்பமிட வேண்டும்' என்பதற்கும் 'இயக்குநரோ செயலாளரோ' என்பதற்கும் இடையே உள்ள உம்மையும் ஓகாரமும் நூறாயிரம் வெள்ளி பெறும். இடைச்சொல் இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவர் உணர இவை போதும்.

தகவலைப் பாதுகாப்போம் என்பது வெறும் பணிவுரையும் அன்று. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பெற்று, அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்தன. நிறுவனம் எத்துணைச் சிறியதாயினும் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் ஒருவரை நியமிக்க வேண்டும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அது அறிவிக்கத் தக்கது என முடிவுசெய்த மூன்று நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நம் மூன்று நண்பர்களின் செயலியில் 600 வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் இருந்தால், அவர்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

இரண்டு விலைப்பிழைகள்

ஒப்பந்தம் எப்போது கட்டும், எப்போது கட்டாது என்பதை விளக்க, நம் நாட்டு நீதிமன்றங்களே உலகம் மேற்கோள் காட்டும் இரு தீர்ப்புகளைத் தந்துள்ளன.

முதலாவது, டிஜிலேண்ட்மால் வழக்கு. 2003 ஜனவரியில் அவ்விணையக் கடையில் 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் அச்சுப்பொறி, ஊழியர் பயிற்சியின்போது நேர்ந்த பிழையால் 66 வெள்ளி எனப் பதிவாகிவிட்டது. செய்தி நள்ளிரவில் நண்பர்களிடையே பரவியது. 784 பேர் 4,086 பொறிகளைக் கேட்டுப் பதிந்தனர். அவருள் அறுவர் மட்டும் 1,606 பொறிகளைக் கோரியிருந்தனர். கடை தர மறுத்தது. அறுவரும் வழக்குத் தொடுத்தனர். தானியங்கி மின்னஞ்சல் உறுதி கூறிவிட்டதால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். 2004இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்கவில்லை. விலை பிழையானது என்பதை அறிந்தே அவர்கள் பதிந்தனர். பிறர் பிழையை அறிந்து அதனைப் பற்றிக்கொள்பவர்க்குச் சட்டம் துணை நில்லாது என்பது முடிவு.

இரண்டாவது, குவோயின் நிறுவனத்துக்கும் பி2சி2 நிறுவனத்துக்கும் இடையே நிகழ்ந்தது. 2017 ஏப்ரலில் குவோயினின் மின்நாணயச் சந்தையில் ஏற்பட்ட கோளாற்றால், அன்றைய சந்தை விலையைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு விலைக்குப் பரிமாற்றங்கள் நடந்தேறின. இரு பக்கமும் மனிதர் இல்லை. நிரல்களே வாங்கின, விற்றன. குவோயின் அவற்றைத் தானே நீக்கிவிட்டது. ஆனால் நிறைவேறிய பரிமாற்றம் மீளாது என்று அதன் விதியே கூறியிருந்தது. பிழையை அறிந்து பயன்கொண்டவர் யார் என்னும் வினா எழுந்தது. நிரலுக்கு அறிவில்லை; ஆகவே நிரலை எழுதியவர் எழுதிய காலத்தில் என்ன அறிந்திருந்தார் என்றே பார்க்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அவர் மனத்தில் தீய நோக்கம் காணப்படவில்லை, ஒப்பந்தம் நின்றது, அதனை மீறிய குவோயின் பொறுப்பாயிற்று. நீதிபதி ஒருவர் மாறுபட்டார்.

இரு வழக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முன்னதில் பிழை செய்த கடை தப்பியது; பின்னதில் பிழை செய்த சந்தை தப்பவில்லை. வேறுபாடு பிழையின் அளவில் இல்லை. எதிர்த்தரப்பு அறிந்து செய்ததா என்பதிலும், முன்கூட்டி எழுதிய விதி யாது என்பதிலும் இருக்கிறது. 'மீளாது' என்னும் ஒரு சொல்லை விதியில் இட்டவர், அச்சொல் ஒருநாள் தம்மையே கட்டும் என எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டிமன்றத்துக்கு இதனினும் நல்ல தலைப்பு கிடைப்பது அரிது.

யாருடைய வழக்கறிஞர்?

இத்துணையும் கேட்டபின், 'பணமில்லாத மாணவர் வழக்கறிஞரை எவ்வாறு அமர்த்துவது?' என்று வினவுவீர்கள். எல்லாவற்றுக்கும் வழக்கறிஞர் வேண்டுவதில்லை. சிங்கப்பூர்ச் சட்டக் கழகமும் துணிகர முதலீட்டாளர் சங்கமும் இணைந்து 2018இல் மாதிரி முதலீட்டு ஒப்பந்தங்களை வெளியிட்டன. அவற்றை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அவற்றைப் பொறுமையோடு படித்துத் தமக்கு விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு சென்றால், வழக்கறிஞரின் நேரமும் நம் பணமும் மிஞ்சும். நிறுவுநர் உடன்பாடு, நிரலின் உடைமை மாற்றம், முதலீடு பெறுதல் ஆகிய மூன்றிலும் அறிவுரை பெறுவது செலவன்று, காப்பு.

ஆனால் ஒரு வினாவை மறவாமல் கேட்க வேண்டும். 'ஐயா, தாங்கள் யாருடைய வழக்கறிஞர்?' முதலீட்டாளர் அமர்த்தியவர் எத்துணை இன்முகம் காட்டினும் முதலீட்டாளரின் நலத்தையே காக்கக் கடமைப்பட்டவர். நிறுவனத்தின் வழக்கறிஞர்கூட நிறுவனத்துக்கே உரியவர். நிறுவுநருள் இருவர் பிணங்கினால், அவருள் ஒருவர்க்காக அவர் வாதாட இயலாது போகும். இது நன்றியின்மை அன்று, தொழில் நெறி.

வகுப்பறையில் தொடங்குவோம்

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டத்தைக் கற்பிக்க வேண்டா. சட்ட மொழியைப் படிக்கக் கற்பியுங்கள். மாணவர் நாள்தோறும் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் ஏதேனும் ஒரு செயலியின் விதிகளிலிருந்து பத்து வரிகளைக் கருத்தறிதல் பயிற்சியாகக் கொடுங்கள். அதனைத் தமிழில் பெயர்க்கச் செய்யுங்கள். 'நாம்' எங்கே, 'நாங்கள்' எங்கே என்று கேளுங்கள். கடமை கூறும் வினை எது, இசைவு கூறும் வினை எது எனப் பிரிக்கச் சொல்லுங்கள். பின்னர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெற்றோர்க்கு விளக்கச் சொல்லுங்கள். நம் சமூகத்தில் உணவுக்கடையும் மளிகைக்கடையும் நடத்தும் பெற்றோர் பலர், விநியோகச் செயலிகளின் ஒப்பந்தங்களைப் பிறர் சொல் நம்பியே ஏற்கின்றனர். தம் பிள்ளையின் வாயால் அதன் பொருளைத் தமிழில் கேட்பது அவர்கள் பெறும் முதற் சட்ட உதவியாக இருக்கும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். நண்பரோடு தொழில் தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். யார் எவ்வளவு உழைப்பது, யார் விலகினால் பங்கு என்னாவது, எழுதிய நிரல் யாருடையது என மூன்று வினாவுக்கும் விடையை உங்களுக்குத் தெரிந்த தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். அப்பக்கமே முழு ஒப்பந்தம் ஆகாது. எனினும் வழக்கறிஞர் முன் சென்று அமரும்போது, உங்கள் எண்ணத்தை அவர் மொழியில் தேடாமல், உங்கள் மொழியில் உறுதி செய்துகொண்டு செல்வீர்கள். எழுதும்போதே கருத்து வேறுபாடு தோன்றினால் வருந்த வேண்டா. பணமும் பகையும் வருமுன் அது தோன்றியது நன்று.

ஐந்நூற்றுவர் கல்லில் எழுதினர்; திருவெண்ணெய்நல்லூரார் ஓலையை ஒப்பிட்டனர். நம் பிள்ளைகள் எழுதும் ஏடு திரையில் ஒளிர்கிறது. அவ்வேட்டில் உள்ளதைத் தம் தாய்மொழியில் உணர்ந்து, அதன்பின் கையொப்பமிடும் தலைமுறையை உருவாக்குவது நம் அனைவர் கடனும் ஆகும்.